காவல்காரன் பாடாத படம்

சாமி, அந்தப் படம் மறுபடியும் மைசூருக்கு வந்துவிட்டது. நேற்றுக் காலை கடையைத் திறக்கப் போனால், என்னைக் கேட்காமல் என் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கஞ்சிப் பசை காயவில்லை. புளித்த வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. நோட்டீஸில் அதே மான். அந்த மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதே அம்மாள். புருஷன் ஜெயிலில் கிடக்கிறான், இவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மானோடு சிரிக்கிறாள்.  பசை காயாததால் உரிப்பது சுலபமாக இருந்தது.

உரித்துக் கையைக் கழுவுவதற்குள் படத்தின் ஏஜெண்டே வந்து நின்றான். மெட்ராஸ்காரன், சில்க் ஜிப்பா, வாயில் வெற்றிலை. அவனுக்குக் கொட்டகை போடத் தகரம் வேண்டுமாம். யுத்தம் தொடங்கியதிலிருந்து புதுத் தகரம் கண்ணில் படுவதில்லை, எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது. பிலிமுக்கும் அதே கதிதான். புதுப் படம் எடுக்க வழியில்லாமல், பழசைத் தூசி தட்டி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். இங்கே இருக்கிற தியேட்டர்களில் இடம் இல்லை. ஆகவே கொட்டகை. கொட்டகை என்றால் தகரம், தகரம் என்றால் நான்.

"நல்ல குடும்பப் படம் மொதலாளி. பாட்டெல்லாம் தேன்," என்றான்.

"காவல்காரன் பாட்டு இருக்குதுங்களா?"

"எந்தக் காவல்காரன்?"

"நாளெ பா," என்றேன்.

மைசூரில் இரண்டு நாள் தங்கினவனுக்குக்கூட அந்தக் கன்னடம் தெரிந்துவிடும். "நாளைக்கு வரச் சொல்றீங்களா? வந்துடறேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நான் பாட்டின் பல்லவியைச் சொன்னேன் என்பது அவனுக்குப் புரியவில்லை. படத்தை ஊர் ஊராக விற்கிறவனுக்கே அதில் எதை வெட்டினார்கள் என்று தெரியாது! என் கோபம் அங்கேதான் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இரண்டு வார்த்தையை முதலில் உங்கள் வாயால்தான் கேட்டேன். அப்போது நான் ஹனூர்ப் பக்கத்துக் காட்டு மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தேன். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பழைய தகரம் வாங்கி, நாடகக் கம்பெனிக்கு முதல் கொட்டகை போட ஒப்புக்கொண்டேன். கொட்டகைக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். அனுமதிக்கு உங்கள் ஜன்னல். கம்பிக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருமண், மூக்கின் நுனியில் கண்ணாடி. தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: "நாளெ பா."

மறுநாள் போனேன். நாளெ பா. எனக்கு முன்னால் நின்ற கோட்டுப் போட்டவருக்கு மட்டும் "நாளெ பன்னி" என்றீர்கள். நாளை 'வாருங்கள்'. அவருக்கும் வேலை நடக்கவில்லை, மரியாதை மட்டும் நடந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்குள் முணுமுணுத்தேன், தமிழில்தான்: "நாளைக்கு வந்தா கம்பெனி நஞ்சன்கூட்டுக்குப் போயிருமுங்க சாமி. அப்புறம் அனுமதிய வச்சு நான் மாட்டுக்கொட்டாய்தான் போடோணும்."

உங்கள் பேனா நின்றது. "கம்பெனியா? எந்தக் கம்பெனி ஓய்? ராஜபார்ட் யாரு?"

அன்றைக்கே முத்திரை விழுந்தது. லஞ்சம் என்று யாராவது சொன்னால் அவன் வாயைக் கிழிப்பேன். இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும் என்றீர்கள், அதற்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தீர்கள். மேல்கோட்டையில் வேர் உள்ள குடும்பம், சர்க்கார் உத்தியோகம், வீட்டில் பஜனையைத் தவிர வேறு பாட்டு வாசனை கூடாது. உங்களுக்குப் போய் இப்படி ஒரு நாடகப் பித்து இருக்குமென்று யார் நினைத்தார்கள்? எனக்கோ எழுத்து பாதி, சங்கீதம் கால். ஆனால் எத்தனையோ கம்பெனிகளுக்குக் கொட்டகை போட்டவன். கொட்டகை போட்டவனுக்கு நாடகம் ஓசி. ஓசியில் பார்த்தாலும் ஒழுங்காகப் பார்த்தேன்.

நமக்குள் ஒத்துப்போனது பாதி, சண்டை பாதி. பெரிய சண்டை ஒன்ஸ்மோரைப் பற்றித்தான். ராஜபார்ட் மார்பில் அம்பு வாங்கிப் பாடிக்கொண்டே விழுவார். ஜனங்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். செத்தவர் எழுந்து, வேட்டித் தூசியைத் தட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் பாடி, மறுபடியும் சாவார். நீங்கள் நாற்காலியில் நெளிவீர்கள்.

"ஒரு மனுஷன் ரெண்டு தரம் செத்தா, முதல் சாவுக்கு என்ன மரியாதை ஓய்?"

"ரெண்டாவதுதாஞ் சாமி நல்லா செத்தாரு."

"கவுண்டரே, உமக்கு எல்லாமே வியாபாரம்."

"வாங்குறவன் இன்னொரு கட்டு கேட்டா, இல்லைன்னு சொல்ற யாவாரி உண்டுங்களா?"

அந்தச் சண்டை ஊறிக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்காரர்கள் அந்த உப்பு வியாபாரி நாடகத்தை ஒத்திகை பார்த்தார்கள். செய்யாத குற்றத்துக்கு வியாபாரியை ராஜா சிறையில் போட்டுவிடுகிறார். அவன் மனைவி நியாயம் கேட்க அரண்மனை வாசலுக்கு வருகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. காவல்காரன் நிற்கிறான். அவள் ஒரு பாட்டு அழுதுவிட்டுப் போகிறாள், திரை விழுகிறது. ஒத்திகையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் எழுந்தீர்கள். "அழுதுட்டுப் போறதுக்கு எதுக்கு ராஜா வாசல் வரைக்கும் வரணும்? ஆத்துலயே அழலாமே!" என்றீர்கள். மானேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க," என்றார் எரிச்சலோடு. மறுநாள் எழுதிக்கொண்டுவந்துவிட்டீர்கள்! பேர் மட்டும் வெளியே வரக்கூடாது என்றீர்கள். உத்தியோகம் ஒரு பயம், உறவுக்காரர்கள் அதைவிடப் பெரிய பயம்.

அவள் பாடியதை நீங்கள் தொடவில்லை. காவல்காரனைப் பதில் பாட வைத்தீர்கள். அதுவரை எந்த நாடகத்திலாவது வேல் பிடித்து நிற்கிறவன் வாயைத் திறந்து பார்த்திருக்கிறோமா?

"திறக்கச் சொல்ல ஒருவர் உண்டு, சாத்தி நிற்க நானுண்டு, தூங்காமல் நின்றால் சோறுண்டு, திறந்துவிட்டால் அதுமில்லை, நாளெ பா தாயே, நாளெ பா."

தமிழ்ப் பாட்டுக்குள் அந்தக் கன்னடம் விழுந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. தாலுக்கா ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு ஜன்னலிலும் அதைக் கேட்டுத் தேய்ந்த ஜனங்கள் அல்லவா! அவள் விடவில்லை. நாளை என்பது உன் ராஜாவுக்கு ஒரு நாள், சிறையில் இருப்பவனுக்கு எத்தனை நாள் என்று கேட்கிறாள். அவன் ஒரு தரம் மழுப்புகிறான், ஒரு தரம் அதட்டுகிறான், ஒரு தரம் குரல் உடைந்து பாடுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் நாளெ பா கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது. கடைசியில் வேலைச் சுவரில் சாத்திவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி, அதுவரை 'வா' என்றவன் மரியாதையாகக் கூப்பிடுகிறான்: "ஒளகெ பன்னி, அம்மா, ஒளகெ பன்னி." உள்ளே வாருங்கள், அம்மா. அவ்வளவுதான். கதவு திறக்கிறது.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. பாட்டு என்பது ஒரு பேரம். ஆரம்பிக்கும்போது ஒன்று ஒருத்தன் கையில் இருக்கிறது, முடியும்போது அது கை மாறியிருக்க வேண்டும். கதவு திறக்க வேண்டும், அல்லது மனசு, அல்லது குறைந்தபட்சம் ஒரு முடிவாவது எடுக்க வேண்டும். ஒன்றுமே மாறவில்லையென்றால் அது பாட்டு இல்லை, நின்று இளைப்பாறுவது. இதை உங்களிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "என் ஜன்னலுக்குக் கதவு கிடையாது ஓய், வெறும் கம்பி. அதான் நாடகத்துல ஒரு கதவு போட்டுண்டேன்," என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் ஜன்னலில் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் ஆட்டத்திலேயே ஒன்ஸ்மோர் வந்துவிட்டது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடி வந்தீர்கள். காவல்காரன் வேஷக்காரர் கதவைச் சாத்தப் போனார், அவர் கையைப் பிடித்தீர்கள்.

"திறந்த கதவை எப்படி ஐயா சாத்துவீர்? அவள் உள்ளே போயாச்சு!"

"ஜனம் கத்துதுங்களே சாமி, நான் என்ன பண்ண?"

வெளியே கத்தல் ஏறிக்கொண்டே போனது. ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னீர்கள். அவர் மேடையின் நுனிக்கு வந்தார். கதவைத் தொடவில்லை. ஒன்ஸ்மோர் கேட்ட ஜனங்களைப் பார்த்துக் கையை நீட்டி, அதே ராகத்தில் பாடினார்: "நாளெ பா!"

அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தகரமெல்லாம் அதிர்ந்தது. மறுநாள் நிஜமாகவே வந்தார்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு! பாட்டையும் காப்பாற்றிவிட்டீர்கள், வசூலையும் காப்பாற்றிவிட்டீர்கள். இந்த மனுஷனா என்னை வியாபாரி என்று கேலி செய்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டாக்கி வந்தது. நான் டாக்கிக்கு விரோதி இல்லை, சாமி. டாக்கிக்காரர்களுக்கும் தகரம் வாடகைக்கு விட்டவன்தான். மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கு முகம் தெரியாது, டாக்கியில் நாலணா கொடுத்தவனுக்கும் கண்ணீர் தெரிகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டைத் தூரத்தில் தூக்கிப் போடலாமா? கம்பெனிக்காரர் அந்த நாடகத்தைப் பாட்டோடு சேர்த்து மெட்ராஸ் படக் கம்பெனிக்கு விற்றார். உங்கள் காவல்காரனும் போகிறான் என்று சேதி வந்தது. நீங்கள் அப்போது பென்ஷன் வாங்கிவிட்டீர்கள். "இனிமே யாருக்கு பயப்படணும் கவுண்டரே? ஆத்துல சொல்லிட்டேன்," என்றீர்கள். அத்தனை வருஷம் மறைத்ததை முதல் தடவையாக உங்கள் வீட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். படம் மைசூருக்கு வந்த அன்று அம்மாவைப் பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். மேல்கோட்டையிலிருந்து அவர் அண்ணாவையும் வரவழைத்து நமக்கு நடுவில் உட்கார வைத்தீர்கள். அவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு.

என்ன படம் அது! சிறைக்குள்ளே கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். புருஷன் விலங்கோடு நாலு கீர்த்தனை பாடுகிறான், விலங்கு தாளம் போடுகிறது. கதை நகரவேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு கோமாளிகள் ஒரு கழுதையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் அவள் வாசலுக்குப் புறப்படுகிறாள். நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்கள். வாசல் வரவில்லை. நந்தவனம் வந்தது. வாழைமரம், குளம், அந்த மான்! அரண்மனைக் காவலனிடம் கேட்க வேண்டியதை அவள் மானிடம் கேட்கிறாள், சாமி! மான் என்ன பதில் சொல்லும்? அது இலையைத் தின்றது. பாட்டு முடிந்ததும் அவள் ராஜாவுக்கு முன்னால் நிற்கிறாள். யார் கதவைத் திறந்தது, எப்படி உள்ளே போனாள், கேட்பார் இல்லை. உங்கள் வரி ஒன்றுகூட இல்லை. காவல்காரன் தூரத்தில் பொம்மை மாதிரி நிற்கிறான்.

அம்மாவின் அண்ணா உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மாப்பிள்ளே, உம்ம பாட்டு எந்த ரீல்ல?" கொஞ்சம் பொறுத்து, "மான் பாடறதுதானோ?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்கு அவரைத் தூக்கித் திரையில் அடிக்கலாம் போலிருந்தது.  வெளியே வந்ததும் அம்மா, "வந்துதா?" என்று மட்டும் கேட்டார். "வரலை," என்றீர்கள்.

அதோடு நாடகத்தையும் விட்டுவிட்டீர்கள், டாக்கியையும் விட்டுவிட்டீர்கள். நான் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் எனக்கே சமாதானம் சொன்னீர்கள். "மட்டமா இருந்திருக்கும் ஓய். மெட்ராஸ்ல பெரிய பெரிய வித்வான்கள் இருக்கா. அவாளுக்குத் தெரியாதா?" போன மழைக்காலத்தில் நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது வந்தேன். அப்போதும் அதையேதான் சொன்னீர்கள்: "மட்டந்தான் கவுண்டரே." அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டீர்கள். வித்வான்களா! அந்த வித்வான்கள் என்ன செய்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

ஆனால் வரிசையாகச் சொல்கிறேன். நேற்று அந்த ஏஜெண்டு போனதும் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவுக்கு உட்புறம் நின்று பேசினார்.

"அந்தப் படம் மறுபடி வருதுங்கம்மா. காது வழியா கேட்டுச் சங்கடப்படக் கூடாதேன்னு முன்னாலயே சொல்ல வந்தேன்."

"கேள்விப்பட்டேன். அண்ணா கடுதாசி போட்டிருக்கான். இந்தத் தரமாவது பாட்டு வருமான்னு கேட்டு."

"அவருக்கு வேற வேலை இல்லீங்களா?"

"இல்லை," என்றார் அம்மா. உடனே, "எங்காத்துக்காரர் பொய் சொல்ல மாட்டார்னு நேக்குத் தெரியும். ஆனா அந்தப் பாட்டை நான் கேக்கலையே. நீங்க கேட்டேளா?"

"எத்தனையோ தடவைங்கம்மா."

"அப்போ பாடிக் காட்டுங்கோ."

சாமி, என் குரல் உங்களுக்குத் தெரியும். மூங்கில் ஏலத்தில் விலை கூவிப் பழகிய குரல். வேறு வழியில்லாமல் வாசலில் நின்று பாடினேன். நாளெ பா என்று இழுத்ததும் தெருவில் போன ஜட்கா வண்டிக்காரன் நிறுத்திவிட்டு, யாரைச் சொல்கிறேன் என்று கேட்டான்.  பிறகு அம்மா கேட்டார்:

"இதுக்கா ஒன்ஸ்மோர் கேட்டா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அது என்னை நெஞ்சில் குத்தியது. உங்கள் பாட்டுக்கு நானே எதிர்சாட்சி ஆகிவிட்டேன் அல்லவா!

"பாடுற ஆள் பாடினா வேறமாதிரிங்கம்மா. பாட வெச்சா வந்து கேப்பீங்களா?"

"நன்னாருக்கு! இந்தக் கோலத்துல நான் கொட்டகைக்கு வரப்படாது. நாலு பேர் என்ன சொல்லுவா? அவர் இருக்கறச்சே ஒரு தரம் வந்தேன், அதுவே போறும்."

திரும்பி வரும் வழியில் ஸ்டேஷன் பக்கம் போனேன். நம் காவல்காரன் வேஷக்காரர் அங்கே காப்பி ஹோட்டல் வைத்திருக்கிறார். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "பாட்டு ஞாபகம் இருக்குதா?"

"மறந்தா ஜனம் விடுமா மொதலாளி? காப்பி லேட்டானா 'நாளெ பா'ன்னு அவங்களே பாடுறாங்க. ஆனா நாலு பல்லு போச்சு. காத்து வரும்."

"குரல் வருதா?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு ஒரே ஒரு அடி பாடினார். பிளாட்பாரத்தில் கூலி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. டாக்கி நடிகர்கள் யாராவது அப்படித் திரும்பிப் பார்க்க வைக்கட்டும், அந்த மானையே தூக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை ஏஜெண்டு சொன்னபடி வந்தான். உட்காருவதற்கு முன்பே சொன்னான்: "நேத்து காவல்காரன் பாட்டுன்னீங்களே, இப்பத்தான் ஞாபகம் வந்துது. படம் எடுக்கறப்ப நான் ஸ்டூடியோவுலதான் இருந்தேன். பாட்டுக் காயிதம் எடுத்துக் குடுக்கற வேலை. அந்தப் பாட்டை எங்க பாட்டு வாத்தியார் முதல் நாளே அடிச்சுட்டாரு."

"ஏன் அடிச்சாரு?"

"பின்னே என்னங்க? காவல்காரன் கதாநாயகிய, பத்தினிய, பன்னின்னு திட்டறான். 'பன்னி அம்மா'ன்னு எழுதியிருக்கு. ஜனம் ஸ்கிரீனைக் கிழிச்சுடாதா? கதாநாயகியோட அம்மா ஒரே ரகளை. அதான் மானை வெச்சு எடுத்தோம்."

அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. நீங்கள் எழுதியது மரியாதைக் கன்னடம். வாருங்கள். ஆனால் எழுதியது தமிழ் எழுத்தில். நம் 'ப' ஒரே 'ப'தானே, சாமி? மைசூரில் யார் படித்தாலும் அதை மெத்தென்று, வாருங்கள் என்று படிப்பார்கள். மெட்ராஸில் அழுத்திப் படித்தார்கள், பன்றி என்று. வாசலில் நின்ற ஒருத்தியை ஒரு காவல்காரன் முதல் முதலாக மரியாதையோடு உள்ளே அழைத்த சொல், அங்கே வசவாகிவிட்டது! அத்தனை வித்வான்கள் இருந்தார்களே, பாட்டு எழுதினவனுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்க ஒருத்தனுக்குத் தோன்றவில்லையா? முக்காலணாக் கார்டு!

மேஜையை அடித்து மைசூர்க் கன்னடத்தில் அவனுக்கு ஒரு பாடம் நடத்தினேன். கடைசியில் அவனே வாய்க்குள் 'பன்னி, பன்னி' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "அடடா," என்றான். "அதான் இங்க ஹோட்டல்ல எல்லாம் என்னைப் பார்த்து அப்படிச் சொல்றாங்களா? நான் ரெண்டு நாளா சண்டைக்கு நிக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். ஆனால் சிரித்து முடித்ததும் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. உங்கள் பாட்டு மட்டமில்லை, சாமி. அதை யாரும் மட்டம் என்று சொல்லவே இல்லை. யாரும் படிக்கவே இல்லை. நீங்கள் ஒருத்தர்தான் அதை மட்டம் என்று சொன்னது. அந்த ஒரு தீர்ப்பை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு அளவுகோல்தான்: பாட்டு முடியும்போது என்ன மாறியது? எந்தப் படத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் இல்லை. பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அதனால் பேரத்தில் இறங்கினேன்.

"மானோட பாட்டு முடிஞ்சதும் மிஷினை நிறுத்தோணும்," என்றேன்.

"அது ரீல் நடுவுல வருதே மொதலாளி!"

"தினம் நாலு தடவை அறுந்துபோற பழைய பிலிம்தானுங்களே? அஞ்சாவதா ஒரு தடவை அறுந்துதுன்னு வெச்சுக்க."

"நிறுத்திட்டு?"

"திரைக்கு முன்னால என் ஆள் ஒருத்தர் நிப்பாரு. கதவும் நான் கொண்டுவந்து வெப்பேன். அந்த அம்மா மான்கிட்டக் கேட்டதுக்கு இவர் பதில் பாடுவாரு. அப்புறம் நேரா உன் கதை ராஜா சபைக்குப் போகட்டும். உன் படத்துல இல்லாத கதவை நான் ஓசியில தர்றேன், வேண்டாங்கறியா?"

அவன் கணக்குப் பார்த்தான். வேறு எவனிடமும் தகரம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இடத்தைச் சொன்னபோதுதான் கொஞ்சம் முரண்டு பிடித்தான். ஒரு பக்கம் அடைக்காமல் விட்டால் வெளியே நிற்கிறவர்கள் ஓசியில் கேட்பார்களே என்றான். கேட்கட்டும், அந்த நஷ்டத்தை வாடகையில் கழித்துக்கொள் என்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் போய், எதனால் வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவாகப் பேசிக்கொண்டது இதுதான். தகரம், கம்பு, கயிறு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து, யுத்தத்துக்கு முந்திய வாடகையில் பாதி. முன்பணம் கிடையாது. படம் ஊரில் ஓடும்வரை, தினமும் மாலை ஆட்டத்தில், மான் பாட்டு முடிந்ததும் மிஷினை நிறுத்த வேண்டும். பாட்டு முழுசாகப் பாடி முடிந்து, கதவு திறந்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம். பாடுவதற்கு முன்னால் எழுதியவர் பேரைத் தகப்பனார் பேரோடும் ஊரோடும் உரக்கச் சொல்ல வேண்டும். கொட்டகை போடும் இடம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானம். கொல்லைப்புறம் பார்த்த பக்கத்தில் மட்டும் தகரம் அடிக்கக் கூடாது.